அந்தக் காசுக்கு போர் போடலாமே, சார்!



புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் வழியில் ஒரு பள்ளி. வானவியல் பற்றிப் பேச வரும்படி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். விண்வெளித் தொலைநோக்கிகள் எடுத்த படங்களைச் சுவரில் ஓடவிட்டேன். வெடித்துச் சிதறிய நட்சத்திரம், பூக்கோலம் போலச் சுழலும் விண்மீன் திரள், வளையத்தோடு சனிக் கிரகம்... பிள்ளைகள் 'ஆ'வென்று பார்த்தார்கள்.

பேசி முடித்ததும், "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

"சார், எங்க தெருக் குழாயில ரெண்டு நாளைக்கு ஒருதரம்தான் தண்ணி வருது. நான்தான் குடம் தூக்குறேன். இந்தத் தொலைநோக்கிக்குச் செலவழிச்ச காசுக்கு ஊர் ஊருக்கு போர் போடலாமே, சார்?"

பக்கத்தில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "ஏய், உட்காரு" என்று ஒரு குரல் கேட்டது. நான் உட்காரவேண்டாம் என்றேன். அன்றைக்குக் கேட்டதிலேயே நல்ல கேள்வி அதுதான். ஆனால் மணி அடித்துவிட்டது. அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மனசு கேட்கவில்லை. அதனால், அவளுக்குச் சொல்ல நினைத்ததை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வி தப்பே இல்லை. அரசாங்கம் செலவழிப்பது நம் எல்லோருடைய பணம். கடையில் வாங்கும் பல பொருள்களின் விலையில் ஒரு பங்கு வரியாகப் போகிறது. ஆகவே, 'அந்தப் பணம் எதற்குப் போகிறது?' என்று கேட்க எட்டாம் வகுப்புச் சிறுமிக்கும் உரிமை உண்டு. அமெரிக்காவிலும் இதே கேள்வியைக் கேட்டார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்குச் செலவு கூடிக்கொண்டே போனபோது, 2011-ல் அந்த நாட்டு நாடாளுமன்றக் குழு ஒன்று திட்டத்தையே நிறுத்திவிடலாம் என்றது. பெரிய விவாதம் நடந்து, கடைசியில் தொடர முடிவு செய்தார்கள். 2021 டிசம்பர் 25-ல் அது விண்ணுக்குப் போனது. மொத்தச் செலவு சுமார் 1,000 கோடி டாலர்!

நம் கணக்கு என்ன?

நம் நாட்டுக்கும் ஒரு விண்வெளித் தொலைநோக்கி உண்டு. பெயர் 'ஆஸ்ட்ரோசாட்'. 2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் அதைச் சுமந்து சென்றது. பூமிக்கு மேலே சுமார் 650 கிலோமீட்டர் உயரத்தில் அதை நிறுத்தினார்கள். எடை ஒன்றரை டன். செலவு சுமார் 178 கோடி ரூபாய்.

178 கோடி என்றால் மலைப்பாக இருக்கிறது. அப்போது நம் மக்கள் தொகை சுமார் 130 கோடி. வகுத்துப் பாருங்கள். தலைக்கு ஒன்றரை ரூபாய்கூட வரவில்லை! நீயும் நானும் ஆளுக்கு ஒரு கடலைமிட்டாயை விட்டுக்கொடுத்து வாங்கிய தொலைநோக்கி அது.

"அது சரி, 178 கோடிக்கு எத்தனை போர் போடலாம்?" என்று அவள் விடமாட்டாள். நிறையப் போடலாம். ஆனால் போர் போட்டால் மட்டும் தண்ணீர் வந்துவிடுமா? உங்கள் தாத்தாவைக் கேளுங்கள். நம் மாவட்டத்துப் பாறையில் எத்தனையோ அடி போட்டும் புகை மட்டுமே வந்த கதையைச் சொல்வார். எங்கே தோண்டினால் தண்ணீர் கிடைக்கும் என்று முதலில் தெரியவேண்டும். அதற்குச் செயற்கைக்கோள் படங்களை வைத்து நாடு முழுவதும் நிலத்தடி நீர் வரைபடம் தயாரித்திருக்கிறார்கள். பூமியைப் பார்க்கும் அந்தச் செயற்கைக்கோள்களில் பலவற்றை ஏற்றிச் சென்றதும் இதே பி.எஸ்.எல்.வி. ராக்கெட்தான்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததை உங்களில் பெரிய பிள்ளைகள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஆனால் புயல் வருவது முன்கூட்டியே தெரிந்தது. மேலே இருந்து செயற்கைக்கோள்கள் பார்த்துக்கொண்டிருந்தன. மரங்களைக் காப்பாற்ற முடியவில்லை. பல மனிதர்களைக் காப்பாற்ற முடிந்தது.

இதோடு நிறுத்திவிட்டால் நான் பாதி ஏமாற்றியவன் ஆவேன். ஏனென்றால் ஆஸ்ட்ரோசாட் பூமியைப் பார்க்கவில்லை. அது பார்ப்பது வானத்தை. 'அந்த வானத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?' என்பதுதானே கேள்வி? வாருங்கள், அதைப் பார்ப்போம்.

மேலே போய்ப் பார்ப்பது ஏன்?

குளத்தின் அடியில் கிடக்கும் காசைக் கரையிலிருந்து பாருங்கள். தண்ணீர் அசைய அசையக் காசும் ஆடும். நாமும் ஒரு குளத்தின் அடியில்தான் இருக்கிறோம். அது காற்றுக் குளம்! அதனால்தான் நட்சத்திரம் மினுக்குகிறது. தரையில் எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்தாலும் இந்த ஆட்டம் ஓரளவு இருக்கும். தவிர, எக்ஸ்ரே கதிர், புற ஊதாக் கதிரில் பெரும்பகுதி ஆகியவற்றைக் காற்று தடுத்துவிடுகிறது. தடுப்பது நமக்கு நல்லதுதான். இல்லையென்றால் உயிர் வாழ முடியாது. ஆனால் அந்தக் கதிர்கள் கொண்டுவரும் சேதியும் சேர்ந்து நின்றுவிடுகிறது. கை முறிந்தால் வெளியே பார்த்துத் தெரியாது. எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். வானமும் அப்படித்தான். அதனால்தான் காற்றுக்கு மேலே போகிறார்கள்.

போய்ப் பார்த்ததில் மூன்றே மூன்று சேதிகளை மட்டும் சொல்கிறேன்.

முதல் சேதி, கிரகங்கள். நான் படித்த காலத்தில் சூரியனைச் சுற்றும் கிரகங்களை மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். சூரியனைப் போன்ற வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்தை 1995-ல்தான் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். 2009-ல் விண்ணுக்குப் போன கெப்ளர் தொலைநோக்கி 2018-ல் ஓய்வு பெறும்வரை சேகரித்த தகவலில் மட்டும் 2,600-க்கு மேல் கிடைத்தன. 2025 செப்டம்பரில் மொத்த எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டியது. எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? தெருவிளக்கின் முன்னால் ஈசல் பறந்தால் வெளிச்சம் ஒரு பொட்டு குறையும் அல்லவா? அதே மாதிரிதான். நட்சத்திரத்தின் முன்னால் கிரகம் கடக்கும்போது வெளிச்சம் துளியூண்டு குறையும். கெப்ளர் அதைப் பல வருடம் கண் கொட்டாமல் பார்த்தது. இத்தனை ஆயிரத்தில் பூமியைப் போல உயிர்கள் வாழும் கிரகம் என்று உறுதியாகச் சொல்லும்படி இதுவரை ஒன்றுகூட இல்லை. நம் பூமி எவ்வளவு அருமையானது என்று இப்போது புரிகிறதா? குளத்தில் குப்பை கொட்டும் முன் ஒரு நிமிடம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சேதி, நம் ஆஸ்ட்ரோசாட் கொண்டுவந்தது. 2016 அக்டோபரில் அது வானத்தின் ஒரு சிறு துண்டை 28 மணி நேரத்துக்கு மேல் பார்த்தது. அதில் ஒரு விண்மீன் திரளிலிருந்து புற ஊதாக் கதிர் வந்தது. அந்த ஒளி 930 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து புறப்பட்டது. நம் பூமி பிறந்தே சுமார் 450 கோடி ஆண்டுதான் ஆகிறது! பூமி என்ற ஒன்று உருவாவதற்கு முன்பே கிளம்பிய ஒளியை, நாம் கடலைமிட்டாய்க் காசு போட்டுச் செய்த கண்ணாடி பிடித்துவிட்டது. பெரிய ஹப்பிள் தொலைநோக்கிக்குச் சிக்காத கதிர் அது.

உடனே மேளம் கொட்டவில்லை. "கருவியின் கோளாறாக இருக்குமோ?" என்று ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சரிபார்த்தார்கள். புனே நகரில் உள்ள வானவியல் மையத்தைச் சேர்ந்த கனக் சாஹா தலைமையிலான குழு 2020 ஆகஸ்டில்தான் முடிவை வெளியிட்டது. இது ஏன் முக்கியம்? பிரபஞ்சம் பிறந்து கொஞ்ச காலத்தில் மூடுபனி போட்டது போல ஹைட்ரஜன் வாயு எங்கும் நிறைந்திருந்தது. மார்கழிப் பனியை வெயில் விலக்குவது போல, முதல் விண்மீன் திரள்களின் புற ஊதாக் கதிர்தான் அதை விலக்கியிருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படிப்பட்ட கதிர் ஒரு விண்மீன் திரளிலிருந்து எப்படித் தப்பி வெளியே வருகிறது என்பதற்கு இது ஒரு தடயம்.

மூன்றாவது சேதியில் நம் தமிழர் ஒருவர் வருகிறார்.

கப்பலில் போட்ட கணக்கு

சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை திருவல்லிக்கேணியில் இந்து உயர்நிலைப் பள்ளியிலும் பிறகு மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். மகன் ஐ.சி.எஸ். அதிகாரி ஆகவேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. மகனுக்கோ இயற்பியல்தான் வேண்டும். அம்மா சீதாலட்சுமி மகன் பக்கம் நின்றார். 1930-ல் கேம்பிரிட்ஜ் போகும் வாய்ப்பு வந்தபோது அம்மா கடுமையான நோயில் இருந்தார். அப்படியும், 'நீ போ' என்றவர் அவர்தான். அதன்பிறகு மகன் அம்மாவைப் பார்க்கவே இல்லை. அடுத்த ஆண்டே அம்மா இறந்துவிட்டார்.

அந்தக் கப்பல் பயணத்தில், 19 வயதில், சந்திரசேகர் ஒரு கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி 'வெள்ளைக் குள்ளன்' ஆகும். ஆனால் அதன் எடை ஒரு அளவுக்கு மேல் போனால் அது குள்ளனாக நிற்காது, மேலும் நொறுங்கும் என்று சொன்னது அந்தக் கணக்கு. சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு எடைதான் அந்த எல்லை. 1935-ல் லண்டனில் பெரிய விஞ்ஞானி எடிங்டன் எல்லோர் முன்னிலையிலும் இதைக் கேலி செய்தார். சந்திரசேகர் சண்டை போடவில்லை, வேலையைத் தொடர்ந்தார். 1983-ல் நோபல் பரிசு வந்தது. 1995-ல் காலமானார்.

1999 ஜூலை 23-ல் அமெரிக்கா ஒரு எக்ஸ்ரே தொலைநோக்கியை விண்ணுக்கு அனுப்பியது. அதற்குப் பெயர் வைக்கப் போட்டி நடத்தினார்கள். 6,000 பேர் கலந்துகொண்டார்கள். வென்றவர்கள் ஒரு பள்ளி மாணவரும் ஒரு ஆசிரியையும். இருவரும் தனித்தனியே எழுதி அனுப்பிய பெயர், 'சந்திரா'! நம் சந்திரசேகரை நண்பர்கள் செல்லமாகக் கூப்பிட்ட பெயர்.

சந்திரா முதன்முதலில் வெளியிட்ட படமே அசத்தியது. வெடித்துப்போன நட்சத்திரம் ஒன்றின் மிச்சத்தைப் பார்த்தது. நடுவில் ஒரு சிறு புள்ளி தெரிந்தது. நொறுங்கிச் சுருங்கிய நட்சத்திரத்தின் கரு! அதைச் சுற்றிச் சிதறிக் கிடந்தவற்றில் சிலிக்கான், கந்தகம், கால்சியம், இரும்பு எல்லாம் இருந்தன. உங்கள் பல்லில் இருக்கும் கால்சியமும், ரத்தத்தில் இருக்கும் இரும்பும் இப்படித்தான் என்றைக்கோ நட்சத்திரங்களில் சமைக்கப்பட்டவை. குடம் தூக்கும் அந்தச் சிறுமியின் கையிலும் நட்சத்திரத் தூள் இருக்கிறது. குடத்திலும்தான்!

சோறு போடுமா?

"நல்லா இருக்கு. ஆனா சோறு போடுமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். சில சமயம் போடும். உங்கள் வீட்டுச் செல்போனில் இருக்கும் கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-களில் விண்கலங்களுக்கு எடை குறைந்த கேமரா வேண்டும் என்று நாசாவின் ஆய்வகம் ஒன்றில் எரிக் ஃபாசம் குழுவினர் உழைத்ததிலிருந்து வந்த தொழில்நுட்பம்தான் அதற்குள் இருக்கிறது.

சூரியனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு நட்சத்திரம். 1989 மார்ச்சில் சூரியனிலிருந்து கிளம்பிய புயலால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில் கிடந்தார்கள். அப்படிப்பட்ட புயல்களைப் பற்றி அறிய நம் நாடு 2023 செப்டம்பர் 2-ல் ஆதித்யா எல்-1 ஆய்வுக்கலத்தை அனுப்பியது. 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, 2024 ஜனவரி 6-ல் தன் இடத்தைச் சேர்ந்தது. அந்தத் திட்டத்துக்கு இயக்குநர் யார் தெரியுமா? செங்கோட்டையில் அரசுப் பள்ளியில் படித்த நிகர் ஷாஜி அம்மையார்.

ஆனால் என் கருத்தைக் கேட்டால், எல்லாமே சோறு போடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் சித்தன்னவாசலுக்குப் போயிருக்கிறீர்களா? சுற்றிலும் வெயிலில் காயும் பாறை. குடைவரைக்குள் போய் அண்ணாந்து பார்த்தால் கூரையில் தாமரைக் குளம்! மீன், அன்னம், யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் தீட்டியது. அப்போதும் நம் மண்ணில் பஞ்சம் வந்திருக்கும். அப்போதும் யாரோ குடம் தூக்கியிருப்பார்கள். 'இந்த ஓவியம் சோறு போடுமா?' என்று அவனைத் தடுத்திருந்தால் இன்றைக்கு நமக்கு அந்தக் குளம் இல்லை. பக்கத்தில் குடுமியான்மலையில் பாறை முழுக்க இசைக் குறிப்பு வெட்டி வைத்திருக்கிறார்கள். வயிறு நிறைய வேண்டும், சரி. வயிறு நிறைந்ததும் மனிதன் அண்ணாந்து பார்ப்பான். சில பேர் வயிறு நிறையும் முன்பே பார்ப்பார்கள். அவர்களால்தான் உலகம் நகர்ந்திருக்கிறது.

இன்னொரு கதையும் நம் மாவட்டத்துடையதுதான். 1990-களின் தொடக்கத்தில் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கம் கொடுத்தார். 'பொம்பளைக்கு சைக்கிள் எதுக்கு?' என்று கேலி பேசியவர்களும் உண்டு. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டிக் காட்டினார்கள். அதே சைக்கிளில் தண்ணீர்க் குடத்தையும் கட்டிக்கொண்டு போனார்கள், வேலைக்கும் போனார்கள். அறிவு ஒரு பக்கம், குடம் ஒரு பக்கம் என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆகவே...

அந்தக் கடைசி வரிசைத் தங்கைக்கு என் பதில் இதுதான். தண்ணீரைக் கேள். விடாமல் கேள். கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்கும்படி அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல். கண்மாயைத் தூர்வாரச் சொல்லிக் கேள். அது உன் உரிமை. ஆனால் அதற்காகத் தொலைநோக்கியை விட்டுக்கொடுக்காதே. அதுவும் உன்னுடையதுதான். ஒன்றரை ரூபாய் நீயும் போட்டிருக்கிறாய்! உன் குழாயில் தண்ணீர் வராமல் தடுப்பது ஆஸ்ட்ரோசாட் இல்லை. 'உனக்கெல்லாம் வானம் எதற்கு?' என்று யாராவது சொன்னால், அவர்கள் உன்னிடமிருந்து இரண்டையும் பறிக்கிறார்கள் என்று புரிந்துகொள்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் இடக்காகக் கேட்டால் 'உட்காரு' என்று அடக்காதீர்கள். எடிங்டன் கேலி செய்ததை உலகம் பிற்பாடு மறுத்தது. கேள்வி கேட்டதற்காகச் சிரிப்பொலி வாங்கிய பிள்ளை திரும்ப எழுந்து நிற்குமா என்பது சந்தேகம்.

பள்ளிகளுக்கு ஒரு யோசனை. மாதம் ஒரு நாள், அமாவாசையை ஒட்டி, மைதானத்து விளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு வானம் பாருங்கள். பெற்றோரும் கூட வரட்டும். அப்போது பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்க மாட்டார்கள். இதற்குக் காசே வேண்டாம். பெரிய நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத இருட்டு நம் கிராமங்களில் இன்னும் மிச்சம் இருக்கிறது. அது ஒரு சொத்து!

தை, மாசி மாதங்களில் இரவு எட்டு மணிக்கு மேலே பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரியும். அதற்குக் கொஞ்சம் தள்ளிச் சிவப்பாக ஒன்று மின்னும். அதுதான் உங்கள் பாட்டி சொல்லும் திருவாதிரை. 2019 கடைசியில் அது திடீரென்று மங்கியது. வெடிக்கப் போகிறதோ என்று உலகமே பார்த்தது. அது கக்கிய தூசு மேகம்தான் மறைத்தது என்று ஹப்பிள் தொலைநோக்கியின் பதிவுகளை வைத்துச் சொன்னார்கள். பல லட்சம் வருடத்துக்குள் என்றைக்காவது ஒருநாள் அது நிஜமாகவே வெடிக்கும். நாளைக்கே என்றாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

அன்றைக்கு அதை முதலில் பார்ப்பது யாராக இருக்கும்? விடியற்காலை குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, தண்ணீர் வரும்வரை அண்ணாந்து நிற்கும் ஒரு புதுக்கோட்டைச் சிறுமியாகக்கூட இருக்கலாம். இல்லையா?